வாக்குச்சீட்டுக்கு வைத்த விலை

(கட்சிப் பயிற்சிப் பாசறையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தேர்தல் வருகிறதென்றால் நம் ஊர்த் தெருக்களில் ஒரு பேச்சு எழும். ஓட்டுக்கு எவ்வளவு? ஐந்நூறா, ஆயிரமா? மேலத்தெருவுக்கு வந்துவிட்டதாமே, கீழத்தெருவுக்கு ஏன் வரவில்லை? கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன பேச்சு! நான் இன்று உங்களை அழைத்துச் செல்லவிருக்கும் நாட்டிலோ இந்த வழக்கம் தலைகீழ். அங்கே வாக்காளனுக்குப் பணம் கொடுக்க வருவாரில்லை. வாக்காளனிடம் பணம் கேட்கிறார்கள்! கேட்பது கட்சிக்காரன் அல்ல, கங்காணி அல்ல; அரசாங்கம் கேட்கிறது! கட்டு முதலில் பணத்தை. பிறகு போடு ஓட்டை! கட்ட வழியில்லையா? எட்ட நில்!

எந்த நாடு அது? காட்டுமிராண்டிகளின் நாடா? இல்லை தோழர்களே, இல்லை. துறைமுக வாயிலில் சுதந்திர தேவிக்குச் சிலை நாட்டி, வருவோர்க்கெல்லாம் ஒளி காட்டுகிறோம் என்று உலகறியச் சொல்லிக்கொண்டிருக்கும் அமெரிக்க ஐக்கிய நாடுகள்! அதன் தென்கிழக்கு மூலையில், கடலுக்குள் விரல் நீட்டியதுபோல் கிடக்கும் புளோரிடா மாநிலம்!

யாரிடம் கேட்கிறார்கள்? குற்றம் புரிந்து, தண்டனை பெற்று, சிறையிலிருந்து, அந்தத் தண்டனையை ஒருநாள் குறையாமல் கழித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம். இன்று குற்றம் செய்கிறவனைப் பற்றியல்ல என் பேச்சு. கணக்கைத் தீர்த்துவிட்டுக் கதவைக் கடந்து வந்துவிட்டவனைப் பற்றிப் பேசுகிறேன். "போ, நீ விடுதலை!" என்று சிறை அதிகாரி சொல்கிறார், "நில், நீ குடிமகனல்ல!" என்று வாக்குச்சாவடி அதிகாரி சொல்கிறார். எதை நம்புவான் அவன்?

விக்டர் ஹியூகோ தீட்டிய காவியத்தை நீங்கள் அறிவீர்கள். சுத்தானந்த பாரதியார் அதை 'ஏழை படும் பாடு' என்று தமிழாக்கித் தந்தார்; 1950-இல் அது திரைப்படமாகவும் வந்தது. ஒரு ரொட்டியைத் திருடியவன், தப்ப முயன்ற குற்றமும் சேர, 19 ஆண்டு சிறையிலிருந்து வெளியே வருகிறான். கையில் மஞ்சள் நிறச் சீட்டு. அதைக் கண்ட விடுதிக்காரன் சோறு மறுக்கிறான். வீட்டுக்காரன் திண்ணை மறுக்கிறான். அந்தப் படத்தில் அவனை விரட்டி விரட்டி வேட்டையாடும் ஜாவர் என்ற காவல் அதிகாரியாக நடித்தவர் சீதாராமன். பிறகு வாழ்நாளெல்லாம் அவருக்கு ஜாவர் சீதாராமன் என்றே பெயர்! வேடம் கலைந்தும் பெயர் கலையவில்லை. நடிகருக்கு அது புகழ். சிறை மீண்டவனுக்கோ தண்டனை கலைந்த பிறகும் கலையாத பெயர் ஒன்று உண்டு. அமெரிக்கச் சட்டம் அதற்கு இட்டிருக்கும் பெயர் 'பெலன்'. பெருங்குற்றவாளி என்று பொருள். பெருங்குற்றம் என்றதும் கொலை, கொள்ளை என்று எண்ணிவிடாதீர்கள். 300 டாலர் பெறுமானமுள்ள பொருளை எடுத்தால் அது பெருங்குற்றம் என்பதுதான் புளோரிடாவில் 2019 வரை இருந்த சட்டம்.

வேரைத் தோண்டிப் பார்ப்போம்

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? குற்றவாளியின் குடியுரிமையைப் பறிக்கும் வழக்கம் பழைய ஐரோப்பாவில் இருந்தது உண்மை. ஆனால் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அது கூராகத் தீட்டப்பட்ட காலத்தைப் பாருங்கள்; எதற்காகத் தீட்டினார்கள் என்பது விளங்கிவிடும்.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தது. அடிமை முறை ஒழிந்தது என்று அரசியல் சட்டத்தின் 13-ஆம் திருத்தம் அறிவித்தது. அறிவித்த அதே வாக்கியத்தில் ஒரு சிறு வாயிலையும் திறந்துவைத்தது: குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய ஊழியம் வாங்கலாம்! 1870-இல் 15-ஆம் திருத்தம். நிறத்தைக் காட்டி வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்றது. மிசிசிப்பியில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. நேற்றுவரை ஏலத்தில் விற்கப்பட்டவர்கள் வாக்களித்தார்கள்! அந்த மாநிலத்திலிருந்து ஹைரம் ரெவல்ஸ் 1870-இல் அமெரிக்க மேலவைக்குச் சென்றார். அங்கே அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே.

பண்ணை முதலாளிகளின் வயிறு எரிந்தது. நிறத்தைக் காட்டி மறுக்கக்கூடாது என்கிறதா சட்டம்? சரி, நிறத்தின் பெயரைச் சொல்லாமலே மறுப்போம் என்றார்கள். 1876-இல் மிசிசிப்பியில் ஒரு சட்டம் வந்தது. மக்கள் அதற்குப் 'பன்றிச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். 10 டாலருக்கு மேற்பட்ட கால்நடையைத் திருடினால் பெருந்திருட்டு; ஐந்தாண்டு வரை சிறை. சிறைக்குப் போனவனை அரசாங்கம் வாடகைக்கு விட்டது, மாட்டை வாடகைக்கு விடுவதுபோல! இருப்புப்பாதை போடவும் பருத்திக் காட்டில் உழைக்கவும் பழைய அடிமை மீண்டும் வந்தான்; இம்முறை கைதி என்ற பெயரோடு!

1890-இல் மிசிசிப்பியில் புதிய அரசியல் சட்டம் எழுதக் கூடினார்கள். வாக்களிக்க இரண்டு டாலர் தலைவரி வேண்டும் என்றார்கள். சட்டத்தைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிய வேண்டும் என்றார்கள். அதோடு, இன்னின்ன குற்றம் செய்தவனுக்கு வாக்கில்லை என்று ஒரு பட்டியலும் போட்டார்கள். அந்தப் பட்டியலைக் கேளுங்கள்! இலஞ்சம், கன்னக்கோல், களவு, தீவைப்பு, ஏமாற்றிப் பொருள் பெறுதல், பொய்ச்சான்று, கள்ளக் கையெழுத்து, கையாடல், இருதார மணம்.

என்ன தோழர்களே, ஏதோ ஒன்று குறைகிறதே என்று தோன்றவில்லையா? கொலை எங்கே? பெண்ணைச் சூறையாடிய கொடுமை எங்கே? தேடுங்கள், தேடிப் பாருங்கள், இல்லை! கோழி திருடியவனுக்கு ஓட்டில்லை. கொலை செய்தவனுக்கு ஓட்டு உண்டு! பசிக்கு எடுத்தவன் பாவி. கறுப்பனை மரத்தில் தொங்கவிட்டவன் கண்ணியமான குடிமகன்! நான் நாடகம் எழுதுகிறவன். இப்படி ஒரு காட்சியைக் கற்பனை செய்து மேடையில் வைத்தால், "அளவுக்கு மிஞ்சிப் போகிறாரே ஆசிரியர்" என்று நீங்களே எழுந்து சொல்வீர்கள். இது கற்பனையன்று. கொலையும் வன்புணர்ச்சியும் அந்தப் பட்டியலில் ஏறியது 1968-இல்! இடையே 78 ஆண்டு!

ஏன் இப்படித் தொகுத்தார்கள் என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. 1896-இல் அம்மாநில உச்ச நீதிமன்றமே ஒளிவு மறைவின்றி எழுதியது. கறுப்பினத்தவர் வாக்களிப்பதைத் தடுப்பதே மாநாட்டின் நோக்கம். நேரடியாகத் தடுக்கக் கூட்டாட்சிச் சட்டம் இடங்கொடாமையால், அவ்வினத்தார் மிகுதியாகச் செய்வார்கள் என்று தாங்கள் கருதிய குற்றங்களைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து. குற்றத்தைப் பார்த்துத் தண்டனை வகுப்பது நீதி. ஆளைப் பார்த்துவிட்டு, அவனுக்கு அளவெடுத்துக் குற்றத்தைத் தைப்பதற்கு என்ன பெயர் வைப்பது?

விளைவு? 1892 வாக்கில் கறுப்பினப் பெரும்பான்மை வாழ்ந்த அந்த மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவர் பத்தாயிரம் பேர்கூட இல்லை. பக்கத்து அலபாமா 1901-இல் அதே வழியில் நடந்தது. வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டத்தின் வரம்புக்குள் நின்று நிலைநாட்ட வந்திருக்கிறோம் என்று மாநாட்டின் தலைவர் ஜான் நாக்ஸ் தலைமையுரையிலேயே அறிவித்தார். 'ஒழுக்கக்கேடான குற்றம்' என்று ஒரு சொல்லைச் சட்டத்தில் போட்டார்கள். எது ஒழுக்கக்கேடு என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-இல் அதை அடித்துச் சாய்த்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் இருவர். ஒருவர் கறுப்பர், மற்றொருவர் வெள்ளையர்! இருவரும் செய்த குற்றம் பணமில்லாத கணக்குக்குக் காசோலை கொடுத்தது. கறுப்பனுக்கு விரித்த வலையில் ஏழை வெள்ளையனும் சிக்கினான். ஆதிக்கக்காரன் விரிக்கும் வலை எங்கும் அப்படித்தான்.

இதைக் கேட்கும்போது நம் மண்ணில் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டம் உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். 1871-இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். செய்த செயலால் அல்ல, பிறந்த குடியால் குற்றவாளி என்றது. அதை எதிர்த்து நின்ற மக்கள் மீது 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கி முழங்கியது. கடல்கள் பல கடந்த இரண்டு நாடுகள். சூழ்ச்சி ஒன்றே: ஒரு மக்கள் கூட்டத்தை அடக்க வேண்டுமா? முதலில் அதற்குக் குற்றவாளிப் பட்டம் கட்டு!

ஆளுநரின் தர்பார்

புளோரிடாவுக்குத் திரும்புவோம். அங்கே 1868 முதலே பெருங்குற்றத் தண்டனை பெற்றவனுக்கு வாக்கில்லை. இழந்ததை மீட்க ஒரே வழி கருணை மனு. மாநில ஆளுநரும் அமைச்சர் மூவரும் ஆண்டுக்கு நான்கு முறை தலைநகர் டல்லஹாசியில் கூடுவார்கள். மனுதாரர் ஒவ்வொருவராக வந்து நின்று கை கட்டிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நாள் கழிந்தால் உரிமை உறுதி என்று ஏதாவது விதி உண்டா? இல்லை. அளவுகோல் என்று ஒன்றும் கிடையாது, நாங்கள் விரும்பியபடி செய்யலாம் என்று ஆளுநர் ரிக் ஸ்காட் மனு விசாரணையிலேயே சொல்லியிருக்கிறார்!

2013-இல் அந்தத் தர்பாரில் நடந்த ஒரு காட்சியைச் சொல்கிறேன். 2018-இல் கூட்டாட்சி நீதிபதி மார்க் வாக்கர் தம் தீர்ப்பிலேயே இதை எடுத்து எழுதியிருக்கிறார். ஒரு வெள்ளையர் வந்து நிற்கிறார். உரிமை இல்லாத நிலையிலேயே 2010 தேர்தலில் வாக்களித்தவர் அவர், அதுவே குற்றம். அது பற்றிக் கேட்கிறார்கள். அவர் சொல்கிறார், தாம் அன்று வாக்களித்தது இதோ அமர்ந்திருக்கும் ஆளுநருக்கே என்று! ஆளுநர் சிரிக்கிறார். சிரித்துவிட்டு உரிமையை வழங்குகிறார்! இதே குற்றத்துக்காக, உரிமையில்லாமல் வாக்களித்ததற்காக, வேறு பலரின் மனுக்கள் அதே மன்றத்தில் தள்ளப்பட்டன. பழைய கூத்துகளில் புலவன் மன்னனைப் பாடிப் பரிசில் பெறுவான். இது மக்களாட்சிக் கூத்து, வாக்கைச் சொல்லி வாக்கைப் பெற்றார்!

முன்னிருந்த ஆளுநர் சார்லி கிறிஸ்ட் விதியைத் தளர்த்தி நான்காண்டில் ஏறத்தாழ 1,55,000 பேருக்கு உரிமையைத் திருப்பியளித்தார். ரிக் ஸ்காட் 2011-இல் வந்தார். தண்டனை முடிந்தும் ஐந்தாண்டு அல்லது ஏழாண்டு காத்திருந்த பிறகே மனுவே போடலாம் என்றார். ஏழாண்டில் அவர் கொடுத்தது ஏறத்தாழ 3,000 பேருக்கு. உரிமை என்பது ஆளுக்கு ஆள் மாறுமா? மாறினால் அது உரிமையா, ஈகையா?

2000-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் புளோரிடாவை ஜார்ஜ் புஷ் வென்றது 537 வாக்கில். அந்த ஒரு மாநிலமே ஆட்சியை முடிவு செய்தது. அப்போது அங்கே வாக்கிழந்து நின்றவர் இலட்சக்கணக்கில்! குற்றவாளிகள் பட்டியலோடு பெயர் ஒத்திருந்தது என்பதற்காகக் குற்றமே செய்யாதவர்களும் நீக்கப்பட்டார்கள். நம் ஊர் முருகனுக்கும் அடுத்த ஊர் முருகனுக்கும் வேறுபாடு பாராமல் பட்டியலைக் கிழித்தால் எப்படியிருக்கும், எண்ணிப் பாருங்கள்.

இதை எதிர்த்துக் கிளம்பினார் ஒருவர். பெயர் டெஸ்மண்ட் மீட். கறுப்பினத்தவர். போதைக்கு அடிமையாகிச் சிறை கண்டவர். 2005-இல் மயாமியில் வீடின்றி, வேலையின்றி, வாழ்வை முடித்துக்கொள்ள இருப்புப்பாதையருகே ரயிலுக்காகக் காத்து நின்றவர். ரயில் வரவில்லை. நடந்து போனார்; போதையிலிருந்து மீண்டார்; படித்தார்; சட்டப் பட்டமே பெற்றார். 2016-இல் அவர் மனைவி மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிட்டார். மனைவிக்கு வாக்களிக்கக் கணவருக்கு உரிமையில்லை! ஊர் ஊராகச் சென்றார், கையெழுத்துத் திரட்டினார். அவரோடு தோள் சேர்ந்து நடந்தவர் எதிர்முகாமான குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நீல் வோல்ஸ். ஊழல் வழக்கில் தண்டனை பெற்ற வெள்ளையர். கட்சியும் நிறமும் பிரித்த இருவரைப் பறிபோன வாக்கு ஒன்றாக நிறுத்தியது.

2018 நவம்பர் 6. மாநில அரசியல் சட்டத்தின் 4-ஆம் திருத்தம் மக்கள் முன் வைக்கப்பட்டது. கொலை, பாலியல் கொடுமை தவிர்த்த குற்றங்களுக்குத் தண்டனையை முடித்தவர்க்கு வாக்குரிமை தானே திரும்பும் என்பது அதன் சாரம். நிறைவேற நூற்றுக்கு 60 வேண்டும், கிடைத்தது 64.55! ஐம்பத்தோரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 'ஆம்' என்றனர். ஏறத்தாழ 14 இலட்சம் பேருக்குக் கதவு திறந்தது என்று உலகம் மகிழ்ந்தது.

பூட்டு உடைந்தது, விலைச்சீட்டு தொங்கியது

அதே நாளில் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ரான் டிசாண்டிஸ். அவர் பெற்ற வாக்கு ஏறத்தாழ 41 இலட்சம். ஆளுநருக்கு விழுந்ததைவிடப் பத்து இலட்சம் வாக்கு அதிகம் அந்தத் திருத்தத்துக்கு! ஆனால் எழுதுகோல் அவர் கையில். 2019 சூனில் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தண்டனை முடிந்தது என்றால் சிறைக் காலம் முடிந்தது மட்டுமல்ல. அபராதம், ஈட்டுத்தொகை, நீதிமன்றக் கட்டணம் எல்லாவற்றையும் கட்டி முடித்தால்தான் முடிந்தது என்றது அந்தச் சட்டம்.

கட்டலாமே என்பீர்கள். எவ்வளவு கட்ட வேண்டும் என்று யாரைக் கேட்பது? ஒருவருடைய பாக்கி முழுவதையும் ஓரிடத்தில் காட்டும் ஏடு அரசாங்கத்திடமே இல்லை! முப்பது நாற்பது ஆண்டுக்கு முந்தைய தீர்ப்பு. எங்கோ ஒரு மாவட்ட நீதிமன்றத்துப் பரணில் கிடக்கும் காகிதம். கடன் எவ்வளவு என்று கடன் கொடுத்தவனுக்கே தெரியாது. ஆனால் தீர்க்காதவனுக்கு ஓட்டில்லை! நம் ஊர்க் கந்துவட்டிக்காரன்கூடக் கணக்கு நோட்டு வைத்திருப்பானே!

பாக்கி வைத்திருந்தோர் ஏறத்தாழ 7,70,000 பேர் என்று வழக்கில் மதிப்பிட்டுக் காட்டினார்கள். பெரும்பாலோர் கட்ட இயலாத ஏழைகள். 2020 மே மாதம் நீதிபதி ராபர்ட் ஹிங்கிள் இதைப் பணம் கட்டி வாக்களிக்கும் முறை என்று சாடி, செல்லாது என்றார். செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறுக்கு நான்கு என்ற கணக்கில் அவர் தீர்ப்பை மாற்றியது. தேர்தல் நெருங்கியது. மைக்கேல் புளூம்பெர்க் என்ற செல்வர் ஏழைகளின் பாக்கியைக் கட்ட 1 கோடியே 60 இலட்சம் டாலர் திரட்டித் தந்தார். உடனே மாநிலத் தலைமை வழக்குரைஞர், இதில் குற்றம் உண்டா என்று விசாரிக்கும்படி எழுதினார்! ஏழை கட்டாவிட்டால் ஓட்டில்லை. ஏழைக்காக மற்றொருவன் கட்டினால் விசாரணை!

1964-இல் அந்நாட்டின் 24-ஆம் திருத்தம் கூட்டாட்சித் தேர்தல்களில் தலைவரியை ஒழித்தது. 1966-இல் உச்ச நீதிமன்றம் மாநிலத் தேர்தல்களிலும் ஒழித்தது. பணத்துக்கும் வாக்குக்கும் தொடர்பில்லை என்று அன்றே தீர்ப்பாகிவிட்டது. தீர்ந்த கதை திரும்பி வந்திருக்கிறது. அதன் முகம் நமக்குத் தெரியாததா? சென்னை மாகாணத்தில் 1920 தேர்தலில் வாக்களித்தவர் யார்? வரி கட்டியவர், நிலம் வைத்திருந்தவர். உழுத நம் பாட்டன் வரப்பில் நின்றான். உழுவித்தவன் சாவடிக்குப் போனான். எல்லார்க்கும் வாக்கு என்பது 1951-52 பொதுத் தேர்தலில்தான் வந்தது.

2022 ஆகத்தில் புளோரிடாவில் 20 பேரைக் கைது செய்ததாக ஆளுநர் அறிவித்தார். 4-ஆம் திருத்தத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவர்கள் அவர்கள், வாக்களித்துவிட்டார்களாம். அவர்களில் பலருக்கு வாக்காளர் அட்டை கொடுத்தது யார்? அதே மாநிலத்தின் தேர்தல் அலுவலகம்! அட்டை கொடுத்து அழைத்த கையே விலங்கும் மாட்டியது.

இன்னொன்று. 2024 மே மாதம் நியூயார்க் நீதிமன்றத்தில் 34 பெருங்குற்றச்சாட்டுகளில் ஒருவர் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. அவர் குடியிருப்பது புளோரிடாவில். அதே ஆண்டு நவம்பரில் அவர் புளோரிடாவில் வாக்களித்தார்! வெளிமாநிலத் தண்டனைக்கு அந்த மாநிலத்தின் விதியையே புளோரிடா பின்பற்றும். சிறையில் இல்லாதவர் வாக்களிக்கலாம் என்பது நியூயார்க் விதி. சட்டப்படி சரியே, குறை சொல்லவில்லை. அவர் வாக்களிக்க வேண்டும் என்றே நானும் சொல்வேன்! அவர் பெயர் டொனால்டு டிரம்ப். வாக்களித்தார், வென்றார், வெள்ளை மாளிகை புகுந்தார். அதே புளோரிடாவில் நீதிமன்றக் கட்டணம் சில நூறு டாலர் பாக்கி வைத்த கூலிக்காரன் வாசலிலேயே நிற்கிறான்.

இதனால் அமெரிக்கா முழுதும் இருட்டு என்று எண்ண வேண்டாம். மெய்ன், வெர்மான்ட் என்ற இரு மாநிலங்களில் சிறைக்குள் இருப்பவனும் வாக்களிக்கிறான். அங்கே வானம் இடிந்து விழவில்லை. பல மாநிலங்கள் விதியைத் தளர்த்தியிருக்கின்றன. 2016-இல் நாடு முழுதும் வாக்கிழந்தோர் ஏறத்தாழ 61 இலட்சம். 2024-இல் ஏறத்தாழ 40 இலட்சம் என்று சென்டென்சிங் பிராஜெக்ட் என்ற ஆய்வமைப்பு கணக்கிடுகிறது. மிசிசிப்பியோ இன்னும் அந்தப் பழைய பட்டியலைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 2024-இலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது.

"சட்டத்தை உடைத்தவன் சட்டம் செய்யலாமா?"

இது எதிர்வாதிகளின் கேள்வி. எளிய கேள்வியன்று, தட்டிக்கழிக்க மாட்டேன். திருட்டுக் கொடுத்தவன், மகனைப் பறிகொடுத்த தாய், அவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் இதற்கு விடை சொல்ல வேண்டும்.

தண்டனை வேண்டும். நீதிபதி அளந்து கொடுத்த தண்டனை, அளந்தபடி நிறைவேற வேண்டும். ஆனால் அளந்தது ஐந்தாண்டு என்றால், ஆறாம் ஆண்டில் அவன் யார்? அரிசிக்கும் பருப்புக்கும் வரி கட்டுகிறவன். அவன் பிள்ளை படிப்பது அரசுப் பள்ளி. அவன் தெருவில் சாக்கடை ஓடினால் அவன் வீட்டுக்கும்தான் காய்ச்சல். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நட என்கிறோம். அந்தச் சட்டத்தில் உனக்குப் பங்கில்லை என்றும் சொல்கிறோம். பங்கில்லாத வீட்டை எவன் காப்பான்? மேலும் ஒரு பேரிடர்: குற்றவாளிக்கு வாக்கில்லை என்று விதி செய்தால், எது குற்றம் என்று வகுக்கும் ஆட்சியாளன் கையில் வாக்காளர் பட்டியலையும் கொடுத்ததாக ஆகும். பன்றிச் சட்டம் காட்டிய பாடம் அதுதான். யூஜின் டெப்ஸ் போரை எதிர்த்துப் பேசினார். 1918-இல் பேசிய பேச்சுக்குப் பத்தாண்டுச் சிறை. 1920-இல் சிறையிலிருந்தே குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நின்றார். 9 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். அவரும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளியே!

நம் மணிமேகலை மன்னனிடம் என்ன வரம் கேட்டாள்? பொன் கேட்டாளா? சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்று கேட்டாள். மன்னன் இசைந்தான் என்கிறது காப்பியம்.

நம் வீட்டுக் கணக்கு

நம் நாட்டில் எப்படி? விடுதலையானவனுக்கு வாக்குரிமை உண்டு. தேர்தல் குற்றங்கள் சிலவற்றுக்கு மட்டும் ஆறாண்டுத் தடை. இதில் நாம் புளோரிடாவைவிட மேல், பெருமையோடு சொல்லலாம். ஆனால் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 62-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவைப் படியுங்கள். சிறையில் இருப்பவன் வாக்களிக்கக்கூடாது. தண்டனை பெற்றவன் மட்டுமல்ல. விசாரணைக் கைதியும் கூடாது! குற்றம் மெய்ப்பிக்கப்படாதவனும் கூடாது! 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர் 5,73,220. அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நூற்றுக்கு எழுபத்தைந்துக்கும் மேல்!

அவர்கள் ஏன் உள்ளே இருக்கிறார்கள்? பிணை கிடைத்தவன் வெளியே வந்து வாக்களிக்கிறான். பிணை ஆணை கிடைத்தும் சொத்துள்ள ஜாமீன்தாரர் இருவரைக் கொண்டுவர முடியாதவன் உள்ளே கிடக்கிறான். ஒரே குற்றச்சாட்டு, ஒரே பிரிவு. பணமுள்ளவன் விரலில் மை, பணமில்லாதவன் கையில் கம்பி! புளோரிடாவில் அபராதச் சீட்டு. இங்கே ஜாமீன் சீட்டு. அங்கே தொங்கும் விலை நம் கண்ணுக்குத் தெரிகிறது, இங்கே தொங்குவது தெரியவில்லையே, ஏன்?

1997-இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்றது. சிறைக்குள் வாக்குப்பதிவு நடத்தக் காவலர் போதாது என்பதும் ஒரு காரணம். ஆனால் தடுப்புக் காவலில் இருப்பவனுக்கு அதே சட்டம் விலக்கு அளித்து, அஞ்சல் வாக்கு தருகிறதே! அதே சுவர், அதே வாயில். அவனுக்குப் போகும் அஞ்சல் உறை அடுத்த அறைக்குப் போகாதா? இன்னும் வேடிக்கை கேளுங்கள். 2013 திருத்தத்துக்குப் பிறகு, சிறையில் இருப்பதனாலேயே ஒருவன் வாக்காளன் என்ற தகுதியை இழப்பதில்லை; அதனால் தேர்தலில் நிற்கலாம். 2024 மக்களவைத் தேர்தலில் சிறையிலிருந்தவாறே நின்று வென்றோர் உண்டு. வாக்குக் கேட்கலாம், வாக்குப் போடக் கூடாது! கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002-இலும், தென்னாப்பிரிக்காவின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1999-இலும் கைதிகளின் வாக்கைக் காத்தன. நிறவெறிச் சிறைகளைக் கண்ட நாடு அது. அந்த அருமை அதற்குத் தெரிந்தது.

சிறை என்றால் நம் இயக்கத்தாருக்குப் புதிதா? 1965 மொழிப் போரில் சிறைக் கதவுகள் எத்தனை பேருக்குத் திறந்து மூடின! "நாங்கள் கொள்கைக்காகச் சென்றவர்கள், திருடனோடு சேர்க்காதீர்கள்" என்று தோழர் ஒருவர் காலையில் என்னிடம் சொன்னார். சேர்ப்பது நானல்ல, அந்த உட்பிரிவு சேர்க்கிறது. கொடி பிடித்துச் சென்றவனும் கோழி பிடித்துச் சென்றவனும் அதற்கு ஒன்றே. அவன் உரிமைக்காக வாதாடாமல் உங்கள் உரிமையை மட்டும் தனியே மீட்க வழியில்லை.

ஆகவே இரண்டு வேலை. விசாரணைக் கைதிகளுக்கு அஞ்சல் வாக்கு வேண்டும் என்ற தீர்மானத்தை மாவட்டக் குழுவுக்கு எழுதி வைத்திருக்கிறேன்; மாலை அமர்வில் படிக்கிறேன், திருத்துவோர் திருத்தலாம். மற்றொன்று, தீர்மானம் எதுவும் வேண்டாதது. உங்கள் ஒவ்வொரு வட்டத்திலும் சிறையிலிருந்து மீண்டவர்கள் இருக்கிறார்கள். தங்களுக்கு வாக்கு உண்டு என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. வீடு மாறிப் பெயர் விடுபட்டுப்போனவர்களும் உண்டு. கிளைச் செயலாளர்கள் படிவம் 6-ஐ எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குச் செல்லுங்கள். எந்தக் கட்சிக்குப் போடுவாய் என்று கேட்காதீர்கள். முகவரிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடம் நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.